அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி

சங்கரன்கோவிலில் என் மூத்த சகோதரியின் மகன் கைப்பேசி பழுது நீக்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறான். ஆறடி அகலம், பத்தடி நீளம். ஒரு மேசை, ஒரு பழைய கணினி, ஒரு சால்டரிங் அயர்ன், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. அவ்வளவுதான் அவனுடைய முதலீடு. கடைக்குப் பின்னால் விசைத்தறிக் கூடம் இருப்பதால் காலை முதல் இரவு வரை தறிகளின் ஓசை ஓய்வதில்லை. பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், மாலை வேளைகளில் அங்கே சிறிது நேரம் அமர்ந்திருப்பது வழக்கம்.

அப்படியொரு மாலையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, பேரனின் கையைப் பிடித்தபடி கடைப்படி ஏறினார். துணிப்பையிலிருந்து ஒரு கைப்பேசியை எடுத்து மேசைமீது வைத்தார். அதன் திரையில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் தோன்றியது, மறைந்தது, மீண்டும் தோன்றியது. மூன்று நாட்களாக இதே நிலை என்றார்.

"வேற ஒரு கடையில காட்டினேன் தம்பி. சாஃப்ட்வேர் போடணுமாம். ஐந்நூறு ரூபாயாம். ஆனா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடுமாம். போன் போனாப் போகட்டும். அவுக பேசினதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. அது போயிடக்கூடாது."

'அவுக' என்று அவர் குறிப்பிட்டது, மர்ஹூமாகிவிட்ட தம் கணவரை. பல்லாண்டு காலம் தம்மாமில் உழைத்தவர். கடைசி நோயில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து மனைவிக்கு வாட்ஸப்பில் குரல் செய்திகளாக அனுப்பிக்கொண்டிருந்தாராம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணிக்கு அவை கடிதங்களுக்குச் சமம். வேறெங்கும் அவற்றுக்குப் படி எடுத்து வைக்கப்படவில்லை.

என் மருமகன் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க பெரியம்மா. முடியும்னு நான் சொல்லல. ஆனா உங்ககிட்டக் கேட்காம எதையும் அழிக்கமாட்டேன்."

அந்த இரண்டு நாட்களில் நான் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை, நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய கருவி இருப்பதால், வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இந்தத் தொழிலைக் கற்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பயன்படக்கூடும்.

'சாஃப்ட்வேர் போடுவது' என்றால் என்ன?

எந்த மின்னணுக் கருவியும் உயிர்பெறுவதற்கு, அதன் நினைவகச் சில்லில் நிலையாகப் பதிந்துள்ள ஓர் அடிப்படை நிரல் தேவை. 'நான் யார், என்னிடம் என்னென்ன உறுப்புகள் உள்ளன, எதை முதலில் எழுப்ப வேண்டும்' என்பதைக் கருவிக்கு அறிவிப்பது அதுவே. ஆங்கிலத்தில் இதை 'ஃபர்ம்வேர்' என்பர். அமெரிக்கக் கணினி அறிஞர் ஆஷர் ஓப்லர் 1967 இல் உருவாக்கிய சொல் இது. கைப்பேசிக்கு மட்டுமன்று; தொலைக்காட்சிக்கும், கேபிள் பெட்டிக்கும், வைஃபை கொடுக்கும் ரவுட்டருக்கும் இதுவே உயிர்நாடி.

இந்நிரல் சிதைந்துபோனால், கணினியுடன் கருவியை இணைத்து, புதிய நிரலை நினைவகத்தில் எழுத வேண்டும். இதைத்தான் நம் ஊர்க் கடைகளில் 'சாஃப்ட்வேர் போடுவது' என்றும் 'ஃப்ளாஷ் அடிப்பது' என்றும் சொல்கிறார்கள்.

'ஃப்ளாஷ்' என்ற பெயரிலேயே ஓர் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. இந்த வகை நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. 1984 இல் அவர் இதை உலகுக்கு அறிவித்தார். ஒரு பெரும் பகுதி முழுவதும் ஒரே கணத்தில் அழிந்துவிடுவது, புகைப்படக் கருவியின் ஒளிவெட்டை நினைவூட்டியதால் அவருடைய சக பணியாளர் ஒருவர் இப்பெயரைச் சூட்டினார். இந்த நினைவகத்தில் எழுதப்பட்ட இடத்தின்மீதே திரும்ப எழுத இயலாது. ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமானாலும் அது அடங்கிய தொகுதி முழுவதையும் துடைத்த பின்னரே அவ்விடத்தில் மீண்டும் எழுத முடியும். ஆகவே ஃப்ளாஷ் அடிப்பது என்பது முதலில் அழிப்பது, பிறகு எழுதுவது. அழித்த பின் எழுத முடியாமற்போனால் நிலைமை முன்னிலும் மோசமாகும்.

1999 ஏப்ரல் 26 அன்று உலகம் இதைக் கண்கூடாகக் கண்டது. தைவானைச் சேர்ந்த ஒரு மாணவர் எழுதிய 'சி.ஐ.எச்.' என்னும் வைரஸ் அந்நாளில் விழித்தெழுந்து, பல நாடுகளில் கணினிகளின் தரவுகளை அழித்ததோடு, பல கணினிகளின் தொடக்க நிரலையும் துடைத்தெறிந்தது. அவ்வாறு பாதிக்கப்பட்ட கணினிகள் திரையில் ஒரு சொல்லைக்கூடக் காட்டவில்லை. சில்லைத் தனியே எடுத்துப் புதிதாக நிரல் எழுதியோ, மாற்றியோதான் அவற்றை மீட்க வேண்டியிருந்தது.

பழைய வழக்கமும் புதிய இழப்பும்

நம் ஊர்களில் இந்தத் தொழில் வேர்விட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். நோக்கியா 1100 வெளிவந்தது 2003 இல். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 இல் தொடங்கி 2014 இல் மூடப்பட்டது. அந்நாட்களில் சிற்றூர்களிலும் பழுது நீக்கும் கடைகள் பெருகின. கருவி நின்றுபோனால் சிறு பெட்டியொன்றின் வழியே கணினியுடன் இணைப்பார்கள். நிரலை முழுமையாகத் துடைத்து எழுதுவார்கள். அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். வாடிக்கையாளருக்குப் பெரிய இழப்பு எதுவுமில்லை. தொலைபேசி எண்கள் பெரும்பாலும் சிம் அட்டையில் இருந்தன. உள்ளே இருந்தது ஒருசில குறுஞ்செய்திகள் மட்டுமே.

இன்றைய கருவி அத்தகையதன்று. பிள்ளையின் முதல் அடியும், வளைகுடாவில் இருக்கும் மகனின் குரலும், நிக்காஹ் நாளின் படங்களும், வங்கிக் கணக்கும், கடையின் வரவுசெலவும் அதற்குள்தான் இருக்கின்றன. கருவி மாறிவிட்டது, 'துடைத்து எழுதிவிடலாம்' என்ற கைப்பழக்கம் மட்டும் பல மேசைகளில் மாறவில்லை. கெட்ட எண்ணத்தினால் எவரும் இதைச் செய்வதில்லை. விரைவாக முடியும் வழியும் அதுதான், பிழை குறைவாக வரும் வழியும் அதுதான் என்பதே காரணம்.

முன்பு தவறுதலாக அழித்தவற்றில் சிலவற்றை மீட்கும் மென்பொருள்கள் உதவியதுண்டு. இப்போது அந்த வாயிலும் அடைபட்டுவிட்டது. 2015 இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போதிய வேகமுள்ள புதிய கருவிகள் தரவுகளை மறையாக்கம் செய்தே, அதாவது பூட்டியே வைத்திருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. 2019 இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய கருவிகள் யாவற்றுக்கும் அது பொருந்தும். பூட்டின் திறவுகோல் அந்தக் கருவியின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. தரவுப் பகுதியைத் துடைக்கும்போது திறவுகோலும் போய்விடும். அதன்பின் மிச்சம் கிடைப்பது பொருளற்ற எழுத்துக்குவியல். திருடனிடமிருந்து நம்மைக் காக்கும் அதே பூட்டு, அவசரக்காரரின் தவற்றை மன்னிப்பதில்லை.

முதலில் கம்பி, கடைசியில் சில்லு

என் மருமகன் அன்றிரவு கடைப்பலகையைப் பாதி சாத்திவிட்டு வேலையில் அமர்ந்தான். கருவியைக் கணினியுடன் இணைத்தான். கணினி அதைக் காணவே இல்லை.

"பெரும்பாலும் பழுது சில்லுல இருக்காது மாமா. வெளியிலதான் இருக்கும். முதல்ல கேபிளைத்தான் சந்தேகப்படணும்" என்றான்.

மின்னேற்றத்துக்கு மட்டுமே உதவும் மலிவான கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள்தான் இருக்கும். தரவு செல்ல வேண்டுமானால் மேலும் இரண்டு கம்பிகள் வேண்டும். கேபிளை மாற்றியவுடன் கணினி 'டிங்' என்று ஒலி எழுப்பியது. கணினியின் முன்புறத் துளைகளையும் இணைப்புப் பெருக்கிகளையும் தவிர்த்து, பின்புறத் துளையில் நேரடியாகச் செருகுவது நல்லது என்பது அவன் கண்ட அனுபவம்.

இரண்டாவது, டிரைவர் எனப்படும் துணை நிரல். கணினிக்கும் கருவிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக இருப்பது அதுவே. மீடியாடெக் சில்லு உள்ள கருவிகள் அணைந்த நிலையில் இணைக்கப்படும்போது, கணினியில் ஒருசில வினாடிகள் மட்டுமே தோன்றி மறைந்துவிடும். தொழிலுக்குப் புதியவர்கள் இதைக் கேபிளின் குறை என்று எண்ணி மயங்குவதுண்டு. உண்மையில் அந்தச் சில வினாடிகளுக்குள் டிரைவர் பேச்சைத் தொடங்க வேண்டும். டிரைவர் சரியாக நிறுவப்படாவிட்டால் வாய்ப்பு நழுவிவிடும். குவால்காம் சில்லு உள்ளவை மீட்பு நிலையில் 9008 என்ற எண்ணுடன் கணினியின் கருவிப் பட்டியலில் தோன்றும். அந்த எண் தெரிந்தால் சில்லு பேசத் தயாராக இருக்கிறது என்று பொருள்.

இங்கே ஓர் ஆறுதலான செய்தியும் உண்டு. இத்தகைய செயலிகளின் உள்ளே, ஆலையிலேயே பதிக்கப்பட்ட, எவராலும் அழிக்க இயலாத ஒரு சிறு நிரல் இருக்கிறது. மற்றவை யாவும் சிதைந்தாலும் அது கணினியுடன் பேசும். ஆகவே 'செத்துப்போன போன்' என்று கைவிடப்படும் கருவிகளில் பல உண்மையில் இறந்தவை அல்ல. பேச வைக்கத் தெரியாமல் கைவிடப்பட்டவை.

மூன்றாவது, எழுதப்படும் கோப்பு. நான்கைந்து ஜி.பி. அளவுள்ள கோப்பு பதிவிறங்கும்போது பாதியில் அறுந்திருக்கலாம்; வேறு மாடலுக்கு உரியதாக இருக்கலாம். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் எண்ணின் கடைசி எழுத்து வேறானால் கோப்பும் வேறு. வளைகுடாவில் வாங்கிய கருவியும் இந்தியாவில் வாங்கிய கருவியும் உருவத்தில் இரட்டைப் பிறவிகள்போல் இருந்தாலும் உள்ளே வேறுபடக்கூடும். அயல்நாட்டிலிருந்து கருவி வரும் நம் வீடுகளில் இது அடிக்கடி நேரும் குழப்பம். பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல் கருவி தானே சொல்லும் எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

இவை தவிர, கணினியின் வைரஸ் தடுப்பு மென்பொருள் கருவி நிரலின் ஒரு பகுதியைச் சந்தேகித்து ஒளித்து வைத்துவிடுவதுண்டு. ஆனால் அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தடுப்பை நீக்குவதும் தகாது; அறியாத இடங்களிலிருந்து எடுத்த கருவி நிரல்களில் உண்மையாகவே வைரஸ் இருக்கக்கூடும். பழைய நிரல்கள் சில, கோப்புறையின் பெயரில் இடைவெளி இருந்தாலே தடுமாறும். மின்கலத்தில் பாதிக்குக் குறையாத மின்னேற்றம் இருக்க வேண்டும். மின்வெட்டு நேரும் ஊர்களில் கணினிக்கு யு.பி.எஸ். இல்லாமல் இவ்வேலையில் இறங்கவே கூடாது.

பிழைச் செய்தியை வாசிக்கப் பழகுங்கள்

பல கடைகளில் சிவப்பு எழுத்தைக் கண்டவுடன் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துகிறார்கள். பிழைச் செய்தி என்பது கருவி நமக்குச் சொல்லும் நோய்க்குறி. அதை வாசிக்காமல் மருந்து கொடுக்கலாகாது.

மீடியாடெக் கருவிகளுக்கான 'எஸ்.பி. ஃப்ளாஷ் டூல்' 4032 என்ற எண்ணைக் காட்டினால், கருவியின் தற்காலிக நினைவகத்தை எழுப்ப இயலவில்லை என்று பொருள். பெரும்பாலும் மாடலுக்குப் பொருந்தாத கோப்பு காரணமாக இருக்கும். சில வேளை மின்கலம் தளர்ந்திருக்கும். அரிதாகவே நினைவகச் சில்லு பழுதாகியிருக்கும். 'பி.எம்.டி. மாறியுள்ளது' என்று அது சொன்னால், கோப்பில் உள்ள பகுதிகளின் வரைபடமும் கருவியில் உள்ள வரைபடமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். சரியான கோப்பைத் தேடுவதே இதற்கு முறை. அவசரக்காரர்களோ இவ்விடத்தில்தான் 'ஃபார்மட் ஆல்' என்ற வழியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வேலை முடிந்துவிடும், வாடிக்கையாளரின் வாழ்வும் துடைக்கப்பட்டுவிடும்.

குவால்காம் கருவிகளில் 'சஹாரா ஃபெயில்' என்று வந்தால், தொடக்கப் பேச்சு முறிந்துவிட்டது என்று பொருள். கருவியை முழுமையாக அணைத்து மீண்டும் மீட்பு நிலைக்குக் கொண்டுவந்தால் பல நேரங்களில் சரியாகும். இல்லையேல் அந்த மாடலுக்கு உரிய தொடக்கக் கோப்பு தவறானதாக இருக்கும்.

சாம்சங் கருவிகளுக்கு 'ஓடின்' என்ற நிரல் பயன்படுகிறது. அதில் தோல்வி நேர்ந்து, கருவியின் திரையில் 'ரெவிஷன் செக் ஃபெயில்' என்று இரண்டு எண்களுடன் செய்தி வந்தால், கருவியில் இருப்பதைவிடப் பழைய பதிப்பை எழுத முயல்கிறோம் என்று பொருள். பாதுகாப்புக் காரணமாகக் கருவி அதை ஏற்பதில்லை. எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை. புதிய பதிப்பைத் தேட வேண்டும்.

ஒரு சொல்லில் உள்ள வேறுபாடு

இதே சாம்சங் கோப்புத் தொகுதியில் நம் கதைக்கு மிக முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. தொகுதியைத் திறந்தால் 'சி.எஸ்.சி.' என்று ஒரு கோப்பும், 'ஹோம் சி.எஸ்.சி.' என்று இன்னொரு கோப்பும் காணப்படும். முன்னதைத் தேர்ந்தெடுத்தால் வாடிக்கையாளரின் தரவுகள் யாவும் துடைக்கப்படும். பின்னதைத் தேர்ந்தெடுத்தால் அமைப்பு நிரல் மட்டும் புதுப்பிக்கப்படும். தரவுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். 'ஹோம்' என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு.

மீடியாடெக் நிரலிலும் இதுபோல் மூன்று வழிகள் உள்ளன. 'டவுன்லோடு ஒன்லி' என்பது நாம் குறியிட்ட பகுதிகளை மட்டும் எழுதும். அதிலும் 'யூசர்டேட்டா' என்ற பகுதியின் குறியை நீக்கிவிட வேண்டும். 'ஃபர்ம்வேர் அப்கிரேடு' என்பது இரண்டாவது. 'ஃபார்மட் ஆல்' என்பதோ வீட்டை வெள்ளையடிப்பதற்காகச் சுவரையே இடிப்பது போன்றது. 'பூட்லோடரைத் திறந்துவிட்டால் எளிதாகும்' என்று சிலர் சொல்வார்கள். ஆண்ட்ராய்டு கருவிகளில் அதைத் திறக்கும்போதே தரவுகள் துடைக்கப்படும் என்பதை அறிந்துகொண்டு அதில் இறங்க வேண்டும்.

முழுவதையும் அழிப்பதில் இன்னொரு கேடும் உண்டு. ஒவ்வொரு கைப்பேசிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண் இருக்கிறது. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். மீடியாடெக் கருவிகளில் அவ்வெண் உள்ள பகுதியும் 'ஃபார்மட் ஆல்' செய்யும்போது துடைக்கப்பட்டுவிடக்கூடும். அதன்பின் கருவி எழுந்தாலும் சிம் அட்டை வேலை செய்யாது. அப்போது வேறொரு எண்ணைப் பொருத்தித் தருவதாகச் சொல்வோரும் உண்டு. அது குற்றம். 2017 ஆம் ஆண்டின் விதிகளே இவ்வெண்ணைத் திருத்துவதைத் தடை செய்திருந்தன. 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்றாண்டுகள் வரை சிறையோ, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எண் அழிந்துவிட்டால் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தை நாடுவதே தகுந்த வழி. எதைச் செய்யும் முன்பும் அந்தப் பகுதிக்குப் படி எடுத்து வைத்துக்கொள்வது தொழிலாளியின் கடமை.

செவ்வாயிலிருந்து ஒரு பாடம்

அந்த இரவில் காத்திருந்தபோது எனக்கு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 2004 ஜனவரியில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் 'ஸ்பிரிட்' என்னும் ஊர்தியைச் செவ்வாய்க் கோளில் இறக்கியது. ஜனவரி 21 அன்று அது திடீரென்று பேச்சை நிறுத்தியது. அந்தப் பெண்மணியின் கைப்பேசியைப் போலவே தொடங்குவதும் நிற்பதும் மீண்டும் தொடங்குவதுமாக, அறுபது முறைக்கு மேல் அது சுழன்றது.

பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கருவியைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாது. பொறியாளர்கள் பதறி அழிக்கவில்லை. ஃப்ளாஷ் நினைவகத்தைத் தொடாமல் எழும்படி ஊர்திக்குக் கட்டளை அனுப்பினார்கள். அது எழுந்தது. அப்போதுதான் காரணம் தெளிவாயிற்று: நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தன, அவற்றின் பட்டியலைப் படிக்கவே இடம் போதாமல் ஊர்தி திணறியிருக்கிறது. காரணத்தை உறுதி செய்துகொண்டு, தேவையற்ற கோப்புகளை நீக்கிப் பார்த்த பின்னரே, பிப்ரவரித் தொடக்கத்தில் நினைவகத்தைத் துடைத்து ஒழுங்கு செய்தார்கள். தொண்ணூறு செவ்வாய் நாட்களுக்கென அனுப்பப்பட்ட அவ்வூர்தி 2010 வரை பேசிக்கொண்டிருந்தது.

அவர்களும் இறுதியில் அழித்தார்கள்தாம். ஆனால் அழிப்பது அவர்களுக்கு முதற்படியாக இருக்கவில்லை. கடைசிப் படியாக இருந்தது.

இதற்குச் செவ்வாய் வரை போக வேண்டியதும் இல்லை. கடைக்குப் பின்னால் உள்ள தறிக்கூடத்திற்குப் போனால் போதும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துகிறார், அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சிடுகிறார், மீண்டும் ஓட்டுகிறார். ஓர் இழைக்காகப் பாவு முழுவதையும் வெட்டி எறியும் நெசவாளியை எங்கள் ஊரில் எவரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாம் நாள்

கருவி நின்றதன் காரணத்தை, பேரனிடம் அன்பாகக் கேட்டபோதுதான் அறிய முடிந்தது. இரவில் அது தானே புதுப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது. திரையில் படம் நகராததைக் கண்டு பொறுமையிழந்த சிறுவன் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்துவிட்டான். எழுத்து பாதியில் நின்றுவிட்டது. இந்தக் கேள்வியை முதற்கடையில் எவரும் கேட்கவில்லை. காரணம் தெரிந்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது. சிதைந்தது அமைப்பு நிரல், தரவுப் பகுதி அன்று.

முதல் முயற்சி தோற்றது. பதிப்பு பழையது என்று கருவி மறுத்துவிட்டது. என் மருமகன் செய்தியை வாசித்தான். ஒரு தாளில் எண்களைக் குறித்துக்கொண்டான். சரியான பதிப்பைத் தேடிப் பதிவிறக்கத் தொடங்கினான். அது முடிய விடியற்காலை ஆயிற்று. பதிவிறங்கிய கோப்பு முழுமையாக இருக்கிறதா என்பதைச் சரிபார்த்தான். மின்னேற்றம் போதுமா என்று பார்த்தான். பிறகு தரவைத் துடைக்காத 'ஹோம்' கோப்பைத் தேர்ந்தெடுத்தான். பொத்தானை அழுத்தும் முன் என்னையும் அழைத்து, "மாமா, இந்த எழுத்தை நீங்களும் ஒருமுறை வாசிங்க" என்றான். வாசித்தேன். அழுத்தினான்.

சில நிமிடங்கள் நீலக்கோடு நகர்ந்தது. கருவி ஒருமுறை அணைந்து எழுந்தது. நிறுவனத்தின் பெயர் தோன்றியது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பெயர் மறைந்தது, பூட்டுத் திரை வந்தது. அதில் நரைத்த தாடியுடன் ஒரு பெரியவரின் படம் இருந்தது.

மாலையில் அந்தப் பெண்மணி வந்தார். பேரன் கடவுக்குறியை வரைந்தான். "செய்தியை நீங்களே போட்டுப் பாருங்க பெரியம்மா. நாங்க எதையும் திறந்து பார்க்கல" என்று சொல்லி என் மருமகன் எழுந்து வெளியே சென்றுவிட்டான். நானும் பின்தொடர்ந்தேன். தறிகளின் ஓசையில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்துத் திரும்பியபோது அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் இப்படியே நன்றாக முடிகிறது என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். அதே வாரத்தில் ஒரு தறித் தொழிலாளி வந்தார். அவருடைய கருவி வேறெங்கோ முன்பே முழுமையாகத் துடைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்தவை அவருடைய மகளின் குழந்தைப் பருவப் படங்கள். என் மருமகன் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "இல்லண்ணே, இனிமே யாராலயும் எடுக்க முடியாது. எடுத்துத் தரேன்னு யாராவது காசு கேட்டாக் குடுத்துடாதீங்க" என்று உண்மையைச் சொன்னான். கூலி வாங்கவில்லை.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை

கருவி பழுதாகும் வரை காத்திருக்க வேண்டாம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, முக்கியமான படங்களையும் குரல் செய்திகளையும் கணினியிலோ பென் டிரைவிலோ படி எடுத்து வையுங்கள். வாட்ஸப்பின் அமைப்புகளில் காப்புப்படி வசதி உண்டு. வீட்டிலுள்ள இளையவர்கள் பெரியவர்களுடைய கருவியில் அதை இயக்கிக் கொடுக்கட்டும். பெரியவர்களின் கூகுள் கணக்கையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். முழுமையாகத் துடைக்கப்பட்ட கருவி பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். பிள்ளைகள் எவரோ ஒருவர் பதிந்து கொடுத்துவிட்டு வெளிநாடு சென்ற கணக்காக அது இருந்தால் பெருந்தொல்லை.

புதுப்பித்தல் நடக்கும்போது கருவியை மின்னேற்றத்தில் வைத்துவிட்டுத் தொடாதீர்கள். திரை நகராததுபோல் தோன்றினாலும் பொறுமையாக இருங்கள்.

பழுது நீக்கக் கொடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: 'இதில் தரவு அழியுமா? அழியாமல் செய்ய வழி உண்டா? அழிக்க நேர்ந்தால் முன்பே என்னிடம் சொல்வீர்களா?' சரியான விடை கிடைக்காவிட்டால் கருவியை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். மறுமுனையில் உள்ள உறவினர்களின் கருவிகளில் அதே படங்களும் செய்திகளும் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணை இன்றே குறித்து வையுங்கள். கருவி தொலைந்தால் 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட 'சஞ்சார் சாத்தி' சேவையின் வழியே அதை முடக்குவதற்கு அந்த எண் தேவைப்படும்.

இத்தொழிலைக் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். பட்டம் பெற்றும் வேலையின்றி இருப்போர் பலர் குறைந்த முதலீட்டில் கௌரவமாகப் பிழைக்க இத்தொழில் வழி செய்கிறது. கேபிளையும் டிரைவரையும் கோப்பையும் சரிபார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பொறுமையும் வாசிக்கும் பழக்கமும் போதும். மேசைமீது வைக்கப்படும் ஒவ்வொரு கருவியும் ஓர் அமானிதம். அதை ஒப்படைத்தவருக்கு உள்ளே இருப்பதன் மதிப்பு தெரியும், நமக்குத் தெரியாது. ஆகவே அழிப்பதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

அந்தப் பெண்மணி ஐந்நூறு ரூபாயை நீட்டியபோது என் மருமகன் இருநூறு மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தான். "இதுல ஒரு பென் டிரைவ் வாங்கிட்டு வாங்க பெரியம்மா. எல்லாத்தையும் அதுல ஒரு படி எடுத்துத் தரேன். அதுக்குக் காசு வேண்டாம்" என்றான். மறுநாளே அவர் வாங்கி வந்துவிட்டார்.